வழுவாமொழிப் பெரும்பள்ளி முதல் சமுதாயக் கல்லூரி வரை



இவ்வாண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் கல்லூரி. பதினேழு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு போகும் பிள்ளைகளின் கல்லூரியைப் பற்றிப் பேச வரவில்லை. எட்டாம் வகுப்போடு செங்கல் சூளைக்குப் போனவர், பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் நின்றுபோனவர், படித்துக்கொண்டிருக்கும்போதே கட்டிக்கொடுக்கப்பட்ட பெண், பெங்களூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர் ஆகியோர் மறுபடியும் படிக்க நினைத்தால் எங்கே போவது என்பதே நம் கேள்வி. சமுதாயக் கல்லூரி, திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இணையவழிப் பட்டம் என்று இன்று அதற்குச் சில வழிகள் இருக்கின்றன. இவையெல்லாம் அண்மைக் காலத்தில் யாரோ கொடுத்த சலுகை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. உழைப்பவர் இருக்கும் இடத்துக்கும் அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்துக்கும் பள்ளி இறங்கி வர வேண்டும் என்று நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருபவர்கள் நம் மக்கள்.

பள்ளி என்ற சொல்

செஞ்சி என்றால் எல்லோருக்கும் கோட்டைதான் நினைவுக்கு வரும். கோட்டைக்கு முந்திய செஞ்சி வட்டாரம் ஒன்று உண்டு. அதன் முகவரிகளில் ஒன்று இந்தத் தொண்டூர். இங்குள்ள குகைத்தளத்தில் கற்படுக்கைகளோடு ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை ஏறத்தாழ கி.பி. 3ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கிறார். இளங்காயிபன் என்பவர் ஏவ, அகழூரார் அறமாகக் கொடுக்க, மோசி என்பவர் செய்த இருக்கை என்பது அதன் செய்தி. அந்த அகழூர்தான் பக்கத்தில் உள்ள இன்றைய அகலூர். ஏவியவர் பெயரோடு செய்தவர் பெயரும் கல்லில் நிற்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். இதே வட்டாரத்து நேகனூர்ப்பட்டிக் கல்வெட்டு இதற்கு ஒரு நூற்றாண்டு பிந்தியது. சேக்கந்தண்ணி என்ற பெண் ஒரு பள்ளியைச் செய்வித்தார் என்று அது சொல்கிறது. சோழர் காலத்தில் தொண்டூரில் இருந்த சமணப் பள்ளியின் பெயர் வழுவாமொழிப் பெரும்பள்ளி.

சமணத் துறவியர் தங்கிய இடம் பள்ளி. பிற்காலத்தில் படிக்கும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. கல்விக்கூடத்துக்கு நாம் இன்றும் சொல்லும் சொல் வேள்விச்சாலையிலிருந்து வரவில்லை, மலைக்குகையிலிருந்து வந்தது. அந்தச் சொல் பிறந்த வட்டாரத்திலேயே பிற்காலத்தில் பள்ளிக்கூடம் ஊர்த்தெருவில் நின்றது, சேரிப்பிள்ளை அந்தத் தெருவில் நடக்கக்கூட முடியவில்லை. இந்த மாற்றத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேலே சொல்லப்போவதைப் பார்க்க வேண்டும்.

மனையும் பள்ளியும்

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததால், வாய் திறந்தால் குடிசையை விட்டே துரத்தப்படும் நிலையில் மக்கள் இருந்ததை அது பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 1892இல் நிலம் பற்றிய அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் மீட்கப் போராடும் நிலத்தின் தொடக்கம் அது. 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை எண் 68 வந்தது. நிலமும் கல்வியும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தது தற்செயல் அல்ல. காலூன்ற இடமில்லாதவனுக்குப் பள்ளி நிலைக்காது.

அதே 1891இல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் ‘பறையன்’ இதழை நடத்தத் தொடங்கினார். 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுப் பகுதியில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். அயோத்திதாசப் பண்டிதரின் முயற்சி இதற்குத் துணை நின்றது. 1920ஐ ஒட்டித் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது.

பள்ளி சேரிக்கு வந்தது ஒரு வெற்றி. அது தனிப்பள்ளியாகவே நின்றுபோனது அந்த வெற்றியின் எல்லை. பொதுப்பள்ளியின் கதவைத் திறப்பதைவிடத் தனிப்பள்ளி ஒன்றைக் கட்டித் தருவது ஊருக்கும் அரசுக்கும் எளிதாக இருந்தது. தனிக்கதவு திறக்கும்போதெல்லாம் நாம் மகிழ்ச்சியோடு கொஞ்சம் ஐயமும் கொள்ள வேண்டியதற்கு இதுவே முதல் பாடம்.

காசுக்கு வந்த வகுப்பறை

1907 ஜூன் 19இல் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். விலை பெயரிலேயே இருந்தது. கூலிக்காரர் வாங்கக்கூடிய விலை. கோலார் தங்கவயலிலும் கடல் கடந்த பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். வரலாறு, மொழி, மருத்துவம், பௌத்தம், அன்றைய அரசியல் என்று வாரந்தோறும் அது பாடம் நடத்தியது. கேள்வி கேட்டு எழுதியவர்களுக்கு அச்சில் விடை வந்தது.

தொலைநிலைக் கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் டில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கிய அஞ்சல்வழிப் படிப்பிலிருந்து தொடங்குகிறார்கள். நாம் 1907இலிருந்து தொடங்க வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய தொழிலாளியிடம் தபாலில் போய்ச் சேர்ந்த அந்த இதழ்தான் நம்முடைய முதல் திறந்தநிலைக் கல்லூரி. ஒன்று மட்டும் அதனிடம் இல்லை, சான்றிதழ். அறிவைக் கொடுத்த அந்த வகுப்பறையால் வேலை வாங்கித் தர முடியவில்லை. அதற்கான முத்திரை வேறு கைகளில் இருந்தது.

விடுதியும் விடியலும்

திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்த ஆரணிப் பக்கத்துப் பிள்ளை முனுசாமி. பின்னாளில் சுவாமி சகஜானந்தர் ஆன இவர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். நந்தனாரை வெளியே நிறுத்திய ஊரிலேயே அவர் பெயரில் பள்ளி எழுந்தது. சகஜானந்தர் பள்ளியோடு விடுதியையும் சேர்த்துக் கட்டினார், பெண்பிள்ளைகளுக்கும் கட்டினார். பண்ணையில் மாடு மேய்க்க அழைக்கப்படும் பிள்ளைக்குப் பாடத்தை மட்டும் கொடுத்தால் போதாது, உட்கார்ந்து படிக்க ஓர் இடமும் இரண்டு வேளைச் சோறும் வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். அந்தக் கல்வி நிலையம் நூறாண்டு கடந்தும் நிற்பதற்கு இதுவே காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் நேரத்தின் பக்கமிருந்து இதே சிக்கலைத் தீர்த்தார். அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் திறந்தபோது காலை வேளையில் வகுப்புகள் நடந்தன. காலையில் படித்துவிட்டு வேலைக்குப் போகலாம். அவர் வைசிராய் அவையில் உறுப்பினராக இருந்த 1944இல்தான் பட்டியல் சாதியினருக்கான மேற்படிப்பு உதவித்தொகையும் தொடங்கியது.

ஆங்கில நாட்டின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் வந்தது. முன்தகுதி கேட்காமல் உழைப்பவர்களைச் சேர்த்துக்கொண்டதற்காக உலகம் அதைப் பாராட்டியது. அது சரியே. அதற்கு முன்பே பம்பாயில் ஒருவர் தொழிலாளியின் கடிகாரத்தைப் பார்த்துக் கல்லூரி மணியை அடித்தார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எல்லோரையும் சேர்த்துக்கொண்ட கல்லூரி

தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. நம் தெருக்களில் பலருக்கு வீட்டின் முதல் பட்டம் அந்தத் தடித்த பாடப்புத்தகக் கட்டின் வழியாகவே வந்தது. 1990ஐ ஒட்டிப் புதுச்சேரியிலும் புதுக்கோட்டையிலும் அறிவொளி இயக்கம் எழுந்தபோது தெருவிளக்கின் அடியில் வகுப்பு நடந்தது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்களால் புதுக்கோட்டை பேசப்பட்டது.

இந்தச் சூழலில்தான் சமுதாயக் கல்லூரி வந்தது. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி 1995இல் நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியில் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் ஒன்று. இந்த முறையைப் பரப்ப உழைத்தவர்களில் முதன்மையானவர் சேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ். அமெரிக்காவில் 1901இல் ஜோலியட்டில் தொடங்கிய இளங்கல்லூரி மரபைப் பார்த்து இங்குள்ள தேவைக்கேற்ப மாற்றியமைத்தார்கள். பள்ளியை இடையில் விட்டவர்களும் சேரலாம். வயது தடையில்லை. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடத்தில் நேரடிப் பயிற்சி, வேலைக்கு ஆயத்தம் என்று படிப்பு அமைந்தது. செவிலியர் உதவியாளர், மின்பணியாளர், தையலர், கணினி இயக்குநர் என ஓராண்டில் ஒருவர் வெளியே வந்தார்.

2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சட்டத்தால் அமைந்தது. சமுதாயக் கல்லூரிகளுக்கு அதன் ஏற்பும் சான்றிதழும் கிடைத்தன. 2009இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தத்தம் சமுதாயக் கல்லூரித் திட்டங்களைக் கொண்டுவந்தன. அயோத்திதாசர் காலத்தில் இல்லாத முத்திரை கடைசியில் கிடைத்துவிட்டது என்று நாம் நினைத்தோம்.

2009

அந்த ஆண்டிலேயே முத்திரையின் எடை குறைந்தது. முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் பணிக்குத் தகுதியாகாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009 ஆகஸ்டு 18இல் தமிழக அரசு அரசாணை எண் 107ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்தநிலையில் பெற்ற பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படாது என்றாயிற்று.

தரத்துக்கு அளவுகோல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நம் கேள்வி நேர்மை பற்றியது. பள்ளியை விட்டவர்களே, வாருங்கள் என்று அழைத்ததும் அரசு அமைத்த பல்கலைக்கழகம். கட்டணம் வாங்கியதும் தேர்வு வைத்ததும் பட்டம் கொடுத்ததும் அதுவே. வேலை வாசலில் நின்று நீ பள்ளி முடிக்கவில்லையே என்று கேட்டதும் அதே அரசு. பள்ளியை முடிக்காதவர்கள் யார்? அவர்களைச் சூளைக்கும் பண்ணைக்கும் அனுப்பிய சமூகம் எது? இந்தக் கேள்விகளை அரசாணை கேட்கவில்லை. சேரிக்குத் தனிப்பள்ளி திறந்த காலத்தில் கண்ட அதே கதை இங்கும் நடந்தது: கதவு தனியாகத் திறந்தது, உள்ளே போனவரின் தகுதியும் தனியாகவே எண்ணப்பட்டது.

திரையில் வந்த பள்ளி

இன்று பாடம் கைபேசியில் வருகிறது. 2017இல் நடுவணரசு ‘ஸ்வயம்’ தளத்தைத் தொடங்கியது. ஏற்பு பெற்ற நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் தரும் பட்டம் வழக்கமான பட்டத்துக்கு இணையானது என்று மானியக் குழு 2022இல் அறிவித்தது. இது நமக்கு வேண்டிய செய்தி.

ஆனால் கொரோனா காலம் வேறொன்றையும் காட்டியது. வீட்டுக்கு ஒரு கைபேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. ஓர் அறை வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்க மூலை இல்லை. பள்ளிகள் மூடிக்கிடந்த அந்த இழப்பை ஈடுகட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27இல் தொடங்கப்பட்டது. நம் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் அருகே, முதலியார்குப்பத்தில். அதன் வழி திரை அல்ல, மாலையில் தெருவுக்கு வந்த தன்னார்வலர். சகஜானந்தர் 1916இல் அறிந்ததை அரசு 2021இல் அறிந்தது.

ஆகவே நாங்கள் சொல்ல வருவது இது. இணையவழிக் கல்லூரி நம் தெருவுக்குப் பயன்பட வேண்டுமானால், தெருவில் அதற்கு ஓர் இடம் வேண்டும். அம்பேத்கர் படிப்பகம் என்று பெயர்ப்பலகையோடு பூட்டிக்கிடக்கும் கட்டடங்களைத் திறந்து, ஒரு கணினியும் இணைய இணைப்பும் நாற்காலிகளும் போட்டு, மாலை 6 மணி முதல் 9 மணி வரை விளக்கெரியச் செய்வோம். விண்ணப்பம் போடத் தெரிந்த, ஏற்கெனவே படித்த ஒருவர் அங்கே உட்காரட்டும். அக்காமார்கள் பிள்ளையோடு வந்து உட்காரும்படி அந்த இடம் இருக்கட்டும். படிக்க வருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: பத்தாவதையும் பன்னிரண்டாவதையும் தனித்தேர்வராகவாவது எழுதி முடியுங்கள், பிறகு பட்டத்தில் சேருங்கள். சேரும் முன் அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு மானியக் குழுவின் ஏற்பு உண்டா என்று பாருங்கள். உதவித்தொகை தொலைநிலைப் படிப்புக்கும் உண்டு என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது வேறு. அரசாணை 107க்கு முன் நம்பிச் சேர்ந்து பட்டம் வாங்கியவர்களுக்கு ஓர் இணைப்புத் தேர்வு வைத்து அவர்கள் பட்டத்தை மதிக்க வேண்டும். சமுதாயக் கல்லூரிச் சான்றிதழிலிருந்து பட்டப்படிப்புக்குப் போக அடைபடாத படி ஒன்று வேண்டும். அழைத்துப் படிக்க வைத்தவர்கள், படித்து வந்தவரை வாசலில் நிறுத்தக் கூடாது. தொண்டூரில் இருந்த பள்ளியின் பெயர் வழுவாமொழி. சொன்ன சொல் தவறாதது என்று பொருள். அரசிடம் நாம் கேட்பதும் அவ்வளவுதான்.

ஜெய்பீம்.