பக்கத்து அரங்கு பிறந்த கதை

இலங்கை மலையகத்தில் எங்கள் தோட்டத்தில் தீபாவளி இரவு டெக் எடுப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, கந்தப்பளை டவுனிலிருந்து டிவியும் டெக்கும் நாலு கெசட்டும் வாடகைக்கு வரும். முதலில் சாமிப் படம். பாட்டிமார் விழித்திருக்கும் நேரம் அது. அடுத்தது எம்.ஜி.ஆர். பிள்ளைகள் கம்பளிக்குள் சுருண்ட பிறகு சிவாஜியின் அழுகைப் படம். விடியும் நேரத்தில், குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளந்தாரிகளுக்கு ரஜினியின் சண்டைப் படம். யாருக்கு எது, எந்த நேரத்தில் எது என்று யோசித்து அடுக்கிய அந்த அண்ணன்மார்தான் நான் பார்த்த முதல் திரைப்பட விழாவை நடத்தியவர்கள். அந்த நாலு படத்தில் ஒன்றிலாவது எங்கள் மலை இருந்ததில்லை.

2023 ஒக்டோபரில் எங்கள் மலை தென்கொரியாவின் புசான் விழாவுக்குப் போனது. பிரசன்ன விதானகே இயக்கிய ‘பரடைஸ்’ படம் அங்கே கிம் ஜிசோக் விருது பெற்றது. 2022இன் பொருளாதார நெருக்கடி நேரத்தில் மலைநாட்டுக்குச் சுற்றுலா வரும் ஒரு மலையாளத் தம்பதி, ஒரு திருட்டு, அதற்காகப் பொலிஸ் பிடித்துப்போகும் தோட்டத் தமிழர்கள் என்று கதை போகிறது. இயக்கியவர் சிங்களவர், தயாரித்தது இந்திய நிறுவனம், நாயகனும் நாயகியும் கேரளத்தவர். இதை எந்த நாட்டின் படம் என்று சொல்வது? புசானில் அந்தக் கேள்வி தடையாகவில்லை. ‘ஜிசோக்’ என்ற தனிப் பிரிவில் அது திரையிடப்பட்டது. விழாவைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவரான கிம் ஜிசோக் 2017இல் கான் விழாவுக்குப் போன இடத்தில் இறந்துபோனார். ஆசிய இயக்குநர்களுக்காக உழைத்த அவர் பெயரிலேயே 2022இல் அந்தப் பிரிவைத் தொடங்கினார்கள்.

இப்படி ஒரு பிரிவு எளிதில் பிறந்துவிடவில்லை. வெனிஸ் விழா 1932இல் தொடங்கியது. கான் விழா போருக்குப் பின் 1946இல் நடந்தது. அந்தக் காலத்தில் படத்தை அனுப்புவது பெரும்பாலும் அரசாங்கம். தூதுவரை அனுப்புவதுபோல் ஒவ்வொரு நாடும் தன் படத்தை அனுப்பும். இன்னொரு நாட்டுக்குப் பிடிக்காவிட்டால் அந்தப் படத்துக்கு இடமில்லை. நாஜி வதைமுகாம்கள் பற்றி அலென் ரெனே எடுத்த ‘இரவும் மூடுபனியும்’ 1956இல் அப்படித்தான் மேற்கு ஜெர்மனியின் ஆட்சேபத்தால் கான் போட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ அதே போட்டியில் இலங்கையின் படமாக நின்றது. அது நாம் எல்லோரும் பெருமைப்பட வேண்டிய நாள்.

ஆனால் அந்த 1957இல் மலையகத் தமிழர் எந்த நாட்டுக் கணக்கில் இருந்தார்கள்? 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். நாடு அனுப்பினால்தான் படம் என்ற முறையில், நாடில்லாதவரின் படத்தை யார் அனுப்புவார்? திரைப்பட விழாக்களின் வரலாற்றைப் படிக்கும்போது என் மனம் நின்றுவிடும் இடம் இதுதான்.

அந்த முறையை முதலில் அசைத்தவர்கள் பிரெஞ்சு விமர்சகர்கள். ஒரு இயக்குநரின் முதல் படம், இரண்டாவது படம் ஆகியவற்றுக்காக 1962இல் கானில் ‘விமர்சகர் வாரம்’ என்ற தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். பெரிய உடைப்பு வந்தது 1968 மே மாதத்தில். பாரிஸில் மாணவரும் தொழிலாளரும் தெருவில் இருந்தார்கள். 18ஆம் திகதி கானில் இயக்குநர் கார்லோஸ் சௌராவின் படம் தொடங்க இருந்தது. இயக்குநர்கள் கொடாரும் ட்ரூஃபோவும் மேடையேறி, படம் ஓடவிடாமல் திரைச்சீலையைக் கையால் இழுத்துப் பிடித்தார்கள். தன் படம் திரையிடப்படக் கூடாது என்று சௌராவும் அவர்களோடு சேர்ந்து நின்றார். மறுநாள் விழாவே நின்றுபோனது. அந்த இழுபறியில் பிறந்ததுதான் 1969இன் ‘இயக்குநர்களின் இருவாரம்’. அங்கே அப்போது போட்டி இருக்கவில்லை, பரிசு இருக்கவில்லை, எந்த அரசின் சிபாரிசும் வேண்டியிருக்கவில்லை.

பெர்லினிலும் சண்டைதான் தாய். 1970இல் வியட்நாமில் அமெரிக்கப் படையினர் செய்த கொடுமையைக் காட்டிய மிஷாயல் ஃபெர்ஹோஃபனின் ‘ஓ.கே.’ படத்தால் ஜூரி உடைந்தது. பரிசே கொடுக்காமல் போட்டி முடிந்தது. அடுத்த ஆண்டே உல்ரிஷ் கிரெகோரும் நண்பர்களும் ‘ஃபோரம்’ என்ற பிரிவைத் தொடங்கினார்கள். 1972இலிருந்து கான் விழா படங்களைத் தானே தெரிவு செய்யத் தொடங்கியது. பிறகு பொருள்வாரியான சிறு பிரிவுகள் வந்தன. கலைகளைப் பற்றிய படங்களுக்கு ஒன்று, காலத்தின் பிரச்சினைகளுக்கு ஒன்று. 1978இல் கான் விழாவை நடத்திய ஜில் ஜாக்கோப் அவற்றை ஒன்றாக்கி ‘அன் செர்தேன் ரிகார்’ என்று பெயர் வைத்தார். ‘ஒரு தனிப்பட்ட பார்வை’ என்று அதைச் சொல்லலாம். அதே ஆண்டில்தான் இந்தியாவும் தன் விழாவில் பல மொழிப் படங்களுக்காக ‘இந்தியன் பனோரமா’வைத் தொடங்கியது. எங்கள் நாட்டிலும் யாழ்ப்பாணத்தில் 2015 முதல் ஒரு சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது.

எங்கள் மலை திரையில் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். 1934இல் பேசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ தேயிலை விளம்பரச் சபையின் காசில் எடுத்த படம். அடுத்த ஆண்டு பிரசெல்ஸ் விழாவில் முதற்பரிசு வாங்கியது. அதன் மூன்றாம் பகுதிக்கு ‘வணிகத்தின் குரல்கள்’ என்று பெயர். கொழுந்து பறிக்கும் விரல்கள் தெரியும். காதில் விழுவது விலை சொல்லும் வியாபாரிகளின் குரல். படம் அழகானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கூடையைச் சுமந்த அந்தப் பெண் ஒரு சொல்கூடப் பேசமாட்டாள். அவள் பக்கத்து ஆட்களின் பேச்சை 1975இல் வந்த ஒரு படத்தில் கேட்க முடிந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ தோட்டத்து வாழ்க்கையைத் தமிழில் சொன்னது. வசனம் தெளிவத்தை ஜோசப். ‘பரடைஸ்’ எனக்குப் பிடித்த படம். அதிலும்கூட எங்கள் ஆட்கள் கதையின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்று படம். ஒரே நாளில், ஒரே அரங்கில், அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு சனத்தின் குரல் எப்படி எழும்பியது என்பது தெரியும். தனிப் பிரிவால் ஆகும் காரியம் அது. 1823இல் தொடங்கிய எங்கள் வருகைக்கு 2023இல் 200 ஆண்டு ஆனது; அதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள். அந்தக் குரல் இன்னும் தொடர்கிறது: இப்போது லயத்துப் பிள்ளைகள் போனில் குறும்படம் எடுக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சென்னையிலும் விழா நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ‘மலையகம்’ என்ற பெயரில் ஒரு பிரிவு வையுங்கள். பழைய படத்தையும் பிள்ளைகளின் குறும்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அதில் ஒரு காட்சியைக் கந்தப்பளைக்குக் கொண்டுவாருங்கள். தோட்டத்து ஆட்கள் கூடும் பிரட்டுக்களம் இருக்கிறது. திரை கட்டக் கம்பு நாங்கள் நட்டுத் தருகிறோம்.