தோட்டத்து மென்பொருளுக்குக் கையேடு எழுத எந்தக் கருவி?

முன்பு கிராணியார் கையால் எழுதி வந்த செக்ரோல், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலும் கணினிக்கு மாறி வருகிறது. பெரட்டு வருகை, வெட்டிய செம்பனைக் குலைகள், எடை என எல்லாம் மென்பொருளில் பதிவாகின்றன. ஆனால் மென்பொருளை உருவாக்குவோர் நிரலில் காட்டும் அக்கறையைக் கையேட்டில் காட்டுவது அரிது. எடையைக் கிலோவில் பதியுமாறு கையேடு சொல்லி, புதிய பதிப்பு டன்னில் எதிர்பார்த்தால், தவறு தொழிலாளியின் சம்பளச் சீட்டில்தான் வந்து விழும். நிரல் மாறும்போது கையேடும் கூடவே மாற வழி செய்யும் கருவியே தேவை.

பலரும் முதலில் திறப்பது மைக்ரோசாப்ட் வேர்ட். அலுவலக ஊழியர் படித்துத் திருத்தித் தர அது வசதியானது. ஆனால் வேர்ட் கோப்பு உள்ளுக்குள் சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. நிரலின் மாற்றங்களைக் காக்கும் கிட், அதில் எந்த வரி மாறியது என்று நேரடியாகக் காட்டாது. ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புகள் பெருகும் கதை இங்கேதான் தொடங்குகிறது.

2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் வெறும் எழுத்துக் கோப்பு. நிரலோடு ஒரே இடத்தில் வைக்கலாம். நிரலை மாற்றியவரே கையேட்டு வரியையும் மாற்றி, இரண்டையும் சேர்த்தே சரிபார்ப்புக்கு அனுப்பலாம். சிறிய கையேட்டுக்கு இது தாராளம். கட்டங்களை இணைத்துப் போடும் சம்பள அட்டவணைக்கு மட்டும் இது ஒத்துவராது. அதற்கு ஆஸ்கிடாக் மேல்.

மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழிகளில் கையேடு வேண்டுமென்றால் ஸ்பிங்க்ஸ் கைகொடுக்கும். பைத்தன் மொழியின் ஆவணங்களுக்காக 2008-இல் வந்தது இது. மூல உரையைப் பத்தி பத்தியாகப் பிரித்து மொழிபெயர்ப்புக் கோப்பு தருகிறது. மூலப் பத்தி திருத்தப்பட்டால், பழைய மொழிபெயர்ப்பு ‘ஐயம்’ எனக் குறிக்கப்படும். குறி நீங்கும்வரை அந்த இடத்தில் மூல மொழிப் பத்தியே தோன்றும். ‘கிலோ’ என்ற பழைய தமிழ் வரி சத்தமின்றித் தங்கிவிடாது. பழகச் சில நாள் பிடிக்கும்தான்.

எந்தக் கருவியானாலும் தமிழை யுனிகோடில் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருக் குறியீட்டில் எழுதியவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகிவிடும். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சலின் விசைமுகம் ஆப்பிள் கணினிகளில் இயல்பாகவே கிடைக்கிறது.

ஸ்பிங்க்ஸின் வழக்கமான பிடிஎப் முறையில் தமிழ் சரியாக வராது. ஸீலாடெக் முறைக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் குறிப்பிட வேண்டும். அவ்வளவு சிரமம் வேண்டாமென்றால், இணையப் பக்கமாக உருவாக்கி உலாவியிலிருந்தே அச்சிடலாம். அதே பக்கங்களை விரலியில் போட்டுக் கொடுத்தால், இணையம் எட்டாத தோட்ட அலுவலகத்திலும் திறக்கும்.