திண்மநிலை வேதியியலிலிருந்து கிராஃபீனுக்கு: சி.என்.ஆர். ராவின் ஆய்வுத் தடம்

கிராஃபீனின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 2004ஆம் ஆண்டு மான்செஸ்டரில் தொடங்குகிறார்கள். ஆந்த்ரே கைமும் கோன்ஸ்தாந்தின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவைக் கொண்டு கிராஃபைட்டிலிருந்து ஒற்றை அணு அடுக்கை உரித்தெடுத்த செய்தி அந்த ஆண்டில் வெளிவந்தது. 2010இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் பெங்களூரில் நடந்த கிராஃபீன் ஆய்வை அந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் அதன் இயல்பு பிடிபடாது. பேராசிரியர் சி.என்.ஆர். ராவ் தம் ஆய்வு வாழ்க்கை முழுவதும் கேட்டுவந்த கேள்வியைத்தான் கிராஃபீனிடமும் கேட்டார்: ஒரு திண்மத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சற்றே மாற்றினால், அதன் பண்பு எப்படி மாறும்?

1934இல் பெங்களூரில் பிறந்த ராவ், மைசூர், காசி இந்துப் பல்கலைக்கழகங்களில் படித்து, 1958இல் அமெரிக்காவின் பர்டியூவில் முனைவர் பட்டம் பெற்றார். 1963 முதல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பணியாற்றியபின், 1976இல் பெங்களூருக்குத் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தில் திண்மநிலை வேதியியலுக்கெனத் தனிப் பிரிவை உருவாக்கினார். கான்பூர்க் காலத்திலேயே பி. கங்குலியுடன் சேர்ந்து அடுக்கமைப்பு கொண்ட ஆக்சைடுகளின் மின்பண்புகளை ஆராய்ந்திருந்தார். அந்த முன்னனுபவம் பின்னாளில் கைகொடுத்தது. தாமிர ஆக்சைடுகளின் மீக்கடத்துத்திறன் 1986இல் உலகை வியக்கவைத்தபோது, ராவ் குழுவுக்கு அப்பொருட்குடும்பம் புதிதல்ல. இட்ரியம்–பேரியம்–தாமிர ஆக்சைடில் அப்பண்புக்குக் காரணமான சேர்மத்தை இனங்கண்டு அக்குழு 1987இலேயே 'நேச்சர்' இதழில் வெளியிட்டது.

கார்பனுக்கு அவர் வந்தது அடுத்த பத்தாண்டில். கிராஃபைட் தண்டுகளுக்கிடையே மின்வில் எழுப்பி, கூண்டு வடிவக் கார்பன் மூலக்கூறான ஃபுல்லரீனை மிகுதியாகத் தயாரிக்கும் வழி 1990இல் வெளியானது. மறு ஆண்டு ஜப்பானில் சுமியோ இஜிமா நானோகுழாய்களை அறிவித்தார். ராவும் ஏ. கோவிந்தராஜ் முதலிய உடன் ஆய்வாளர்களும் கரிம உலோகச் சேர்மங்களை வெப்பத்தால் சிதைக்கும் முறையை வளர்த்தெடுத்தனர். அத்தகைய சேர்மமான ஃபெரோசீன் ஒன்றே கார்பனையும் தருகிறது, குழாய் வளரத் தேவையான இரும்பு வினையூக்கியையும் தருகிறது. 1998இல் இவ்வழியே வரிசையாக அமைந்த நானோகுழாய்க் கற்றைகளைப் பெற்றனர். 2000இல் நிக்கலோசீனையும் தயோஃபீனையும் கொண்டு இரண்டாகக் கிளைக்கும் குழாய்களை உருவாக்கினர்.

கிராஃபீன் கட்டம் இந்தக் கார்பன் அனுபவத்தின் நேர்த் தொடர்ச்சி என்பது என் கருத்து. பெங்களூரின் ஜக்கூரில் 1989இல் ராவ் நிறுவிய ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில், ஃபுல்லரீன் தந்த அதே வகை மின்வில் கலத்தினுள் ஹைட்ரஜனைச் செலுத்திப் பார்த்தார்கள். ஏட்டின் ஓரத்தில் பிணைப்பின்றி நிற்கும் கார்பன் அணுக்களை ஹைட்ரஜன் நிறைவுசெய்துவிடுவதால், ஏடு சுருண்டு குழாயாக மூடிக்கொள்வதில்லை. கிடைத்தது சில அடுக்குகளே கொண்ட கிராஃபீன். ஒட்டுநாடா முறை ஒற்றைச் சில்லைத் தந்து இயற்பியலாளரை நிறைவடையச் செய்தது. வேதியியலாளருக்கோ எடைபோட்டுக் குடுவையில் இடும் அளவுக்குப் பொருள் வேண்டும். அதை இம்முறை தந்தது.

அடுத்த படியில்தான் பழைய கேள்வி முழு உருவம் கொள்கிறது. ஹைட்ரஜனோடு டைபோரேனைக் கலந்தால் போரான் ஏறிய கிராஃபீனும், பிரிடினையோ அம்மோனியாவையோ கலந்தால் நைட்ரஜன் ஏறிய கிராஃபீனும் விளைந்தன. எல்.எஸ். பஞ்சகர்லா, கே.எஸ். சுப்பிரமணியம், கோட்பாட்டாளர் உமேஷ் வாக்மரே உள்ளிட்டோருடன் ராவ் 2009இல் இதை வெளியிட்டார். போரானுக்குக் கார்பனைவிட ஓர் எலக்ட்ரான் குறைவு, நைட்ரஜனுக்கு ஒன்று கூடுதல். ஆகவே முதலாவது பி-வகைக் கடத்தியாகவும் இரண்டாவது என்-வகைக் கடத்தியாகவும் நடந்துகொள்கிறது. ராமன் நிறமாலையில் இரண்டிலுமே கார்பன் ஏடுகளுக்குரிய ஜி பட்டை உயர் அதிர்வெண் பக்கம் நகர்ந்தது. ஆக்சைடுகளில் கைவந்த மாசூட்டல் கலை அணுத்தடிப்பு ஏடுகளுக்கும் பொருந்தியது.

சில விழுக்காடு போரானும் நைட்ரஜனும் போதும் என்று அவர்கள் நிறுத்தவில்லை. தூண்டப்பட்ட கரி, போரிக் அமிலம், யூரியா மூன்றையும் கலந்து உயர்வெப்பத்தில் சூடாக்கி, மூன்று தனிமங்களும் கணிசமாகக் கலந்த போரோகார்போநைட்ரைடுகளை உருவாக்கினர். 2010இல் வெளிவந்த ஆய்வு, இவை கார்பன் டைஆக்சைடை மிகுதியாக ஈர்த்துவைப்பதைக் காட்டியது. மூலப்பொருள்களைப் பாருங்கள்: கரி, போரிக் அமிலம், எந்த விவசாயி வீட்டிலும் மூட்டையாகக் கிடக்கும் யூரியா. திருப்பதியிலோ காரைக்குடியிலோ உள்ள ஒரு வேதியியல் துறை, கோடிக்கணக்கில் செலவாகும் தூய்மை அறை இல்லாமலே இப்பொருளைத் தயாரிக்க முடியும். ராவின் கிராஃபீன் பணியில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். விருதுப் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை. அவர் தலைமையில் 2007இல் தொடங்கிய ரூ.1,000 கோடி நானோ இயக்கம் கருவிகளைப் பல ஊர்களுக்குக் கொண்டுசேர்க்க முயன்றதையும் இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அதே 2010இல் ராவ் குழுவினர் மாலிப்டினம் டைசல்ஃபைடையும் டங்ஸ்டன் டைசல்ஃபைடையும் கிராஃபீன் போன்ற மெல்லேடுகளாக்கினர். 2011இல், திரவ அம்மோனியாவில் கரைந்த லித்தியத்தால் கிராஃபீனை ஒடுக்கி, எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு ஹைட்ரஜனை அதில் பிணைத்துக் காட்டினர். சூடாக்கினால் அது மீண்டும் வெளிவந்தது. நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் மின்வினையூக்கியாகப் போரோகார்போநைட்ரைடுகளைச் சோதித்த ஆய்வு 2016இல் வந்தது. பல விகிதங்களில் தயாரித்து ஒப்பிட்டதில், கார்பன் மிகுந்த கலவை உலோகமே இல்லாமல் பிளாட்டினத்தின் செயல்திறனை நெருங்கியது.