வேளூர்ப் போரும் ஆலந்துறை விளக்கும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) குதிரைப்படை வீரர்கள் பாசறைகளிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. குதிரைக்குப் புல் கிடைக்காத கவலை, மழையில் ஒழுகும் கூடாரம், காய்ச்சலில் கிடக்கும் தோழன் என்று அவற்றில் பேசப்படுபவை பெரும்பாலும் சிறு செய்திகளே. ஆனால் வரலாற்றாசிரியர்களுக்கு அச்சிறு செய்திகள்தாம் பெருஞ்செல்வம். அப்போரில் மாண்டவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரைக் கொன்றது நோயே என்ற உண்மையின் மனித முகம் அக்கடிதங்களில்தான் தெரிகிறது.

நம் நாட்டு வீரர்கள் இப்படி ஏதேனும் எழுதி வைத்தார்களா? முதலாம் இராஜராஜர் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் குதிரைச் சேவகர் படைகளின் பெயர்கள் உள்ளன. ஆனால் அச்சேவகர்களின் குரல் அவற்றில் இல்லை. ஓலையில் எழுதியிருந்தால் அது கறையானுக்கு இரையாகியிருக்கும். ஆயினும் கல்லில் ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. அதைத் தேடி அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூருக்குச் செல்வோம்.

சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் அமைந்த ஊர் இது. கல்வெட்டுகள் இதனைச் சிறுபழுவூர் என்றழைக்கின்றன. பழுவேட்டரையர் என்றதும் கல்கியின் பொன்னியின் செல்வன் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் வரலாற்றுப் பழுவேட்டரையர்கள் சோழருக்குப் பெண் கொடுத்தவர்கள், சோழருக்காகப் போரிட்டவர்கள். முதலாம் பராந்தகர் பழுவேட்டரையரின் மகளை மணந்ததை அன்பில் செப்பேடு கூறுகிறது. அரிஞ்சயர் அம்மணத்தில் பிறந்த மகன்.

பராந்தகரின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக் (கி.பி. 919ஐ ஒட்டியது) கல்வெட்டொன்று இங்குள்ளது. பாண்டியரும் ஈழத்தரசரும் வந்து வேளூரில் சோழப் பெருமானடிகளோடு பொருத நாளில், பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் சோழருக்காகப் போரிட்டு வென்றார். அவ்வெற்றியின் பொருட்டு, அவரைச் சார்ந்த பரதூர் நக்கன் சாத்தன் திருவாலந்துறை மகாதேவருக்கு நொந்தா விளக்கொன்றைக் கொடையளித்தார். செய்தி இவ்வளவே.

நொந்தா விளக்கென்பது இரவும் பகலும் அணையாது எரியும் விளக்கு. அக்காலத்தில் இத்தகைய விளக்கெரிக்கப் பெரும்பாலும் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள் அளிக்கப்பட்டன. இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர். கிழ ஆடுகள் இறந்தாலும் குட்டிகள் பெருகி எண்ணிக்கை குறையாதிருக்கும் என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடுகள்' என்று பெயர்.

சாத்தனின் செய்தியை ஒரு கடிதமாகப் படித்துப் பாருங்கள். தலைவரின் பெயர் இருக்கிறது; எதிரிகள் யாரென்று சொல்லப்படுகிறது; களம் எது, வென்றது யார் என்பதும் தெளிவு. தம் ஊரையும் அவர் மறக்கவில்லை. ஆனால் பாசறையில் என்ன உண்டனர், யார் யார் திரும்பவில்லை என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. போரைப் பற்றி வென்றவர் இவ்வளவுதான் சொன்னார்.

சொல்லாமல் விட்டதில் ஒரு பகுதியைத் தோற்றவர்களின் நூல் சொல்கிறது. இலங்கையின் சூளவம்சம் இதே போரைப் பேசுகிறது. பாண்டியர் இராஜசிம்மருக்குத் துணையாக ஐந்தாம் கஸ்ஸபர் (914-923) சக்க சேனாபதியின் தலைமையில் படை அனுப்பினார். பாண்டியர் தோற்ற பின்னரும் சேனாபதி பாசறையை விட்டகலாமல் போரைத் தொடர முனைந்தார். அப்போது கொள்ளைநோய் பரவியது. சேனாபதி அதற்கு இரையானார். வீரர் பலரும் மாண்டனர். இரக்கங்கொண்ட கஸ்ஸபர் எஞ்சிய படையைத் திருப்பி அழைத்துக்கொண்டார்.

தோற்றவர்களின் பாசறையை அழித்தது நோய் என்றால், ஒரே நிலத்தில், ஒரே வெயிலிலும் மழையிலும் கிடந்த வென்றவர்களின் பாசறை எப்படி இருந்திருக்கும்? கல்வெட்டு விடை சொல்லாது. ஆனால் இவ்விரு சான்றுகளையும் அருகருகே வைக்கும்போதுதான் அக்கேள்வியே நமக்குத் தோன்றுகிறது. வெற்றிச் செய்தியை மட்டும் படித்தால் வேளூர் ஒரு பெருமிதம். சூளவம்சத்தையும் சேர்த்துப் படித்தால் அது ஒரு துயரமும்கூட.

கல்வெட்டுகளில் உள்ளம் பேசவே பேசாது என்றும் எண்ணிவிட வேண்டாம். பராந்தகரின் மகன் இராஜாதித்தர் 949இல் தக்கோலத்தில் வீழ்ந்தார். அவரோடு களத்தில் உயிர்விட இயலாமற்போனதே என்று நொந்த நண்பர், மலைநாட்டிலிருந்து வந்த வல்லபர், துறவு பூண்டு சதுரானன பண்டிதரானார். திருவொற்றியூர்க் கல்வெட்டில் அத்துயரம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

சாத்தன் அப்படி எதுவும் கூறவில்லை. ஆனால் உயிரோடிருந்தார்; விளக்கேற்றினார். வீட்டாருக்கு வேறென்ன செய்தி வேண்டும்? அடுத்தமுறை பழுவூர் செல்கையில், அரசர்களைத் தேடும் கண்களால் பரதூர்க்காரர் ஒருவரையும் சற்றே தேடிப் பார்ப்போம்.