எண்ணெய் முள்ளின் சரித்திரம்

மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பிரித்துக் கழுவி, கிராங்கைக் கடைந்து, புதிய பேரிங்குகளை இட்டு, மீண்டும் பூட்டி முதன்முறையாக ஓடவிடும் வேளையில், அருகில் நிற்போர் அனைவருடைய கண்களும் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் சிறு மானியின் முள்ளிலேயே பதிந்திருக்கும். அந்த முள் எழாமற்போனால் எஞ்சினை அக்கணமே நிறுத்திவிட வேண்டும் என்பதைப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையனும் அறிவான். ஆனால் அது எழுந்து, கைந்நூல் குறித்த எல்லையையும் கடந்து, எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரும் இறங்காமல் நிற்குமானால், அதனைக் குற்றமென்று கருதுவோர் மிகச் சிலர். வேலை செவ்வையாக முடிந்ததற்கு அதுவே சாட்சி என்று மகிழ்வோரே பலர். இம்மகிழ்ச்சி எவ்வாறு வழக்கமாயிற்று என்று ஆராயப் புகுந்தால், மசகெண்ணெயின் நூறாண்டுக்கும் மேற்பட்ட சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியதாகிறது.

அச்சரித்திரத்தின் தலையாய சம்பவம், மோட்டார் வண்டி பிறப்பதற்குச் சற்று முன்னரே இங்கிலாந்தில் நிகழ்ந்தது. சுழலும் அச்சுக்கும் அதனைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே உராய்வு எத்தகையது என்பதைக் கண்டறியும் பொருட்டு, அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கத்தார் பீச்சம் டவர் என்பவரைப் பரிசோதனைகளில் அமர்த்தினர். அச்சின் அடிப்பாகம் எண்ணெயில் தோய்ந்து சுழல, அதன் மேல் ரயில் வண்டிகளில் உள்ளது போன்ற பித்தளைத் தாங்கி பாரத்தைச் சுமந்து அமர்ந்திருந்தது. எண்ணெய் விடுவதற்கென்று, அக்கால வழக்கப்படி, தாங்கியின் உச்சியில் ஒரு துளை இட்டார். உள்ளே இறங்க வேண்டிய எண்ணெய் அத்துளை வழியே மேலே பொங்கி வழிந்தது. மரத்தால் ஆப்புச் செய்து துளையை அடைத்தார்; அச்சு சுழலச் சுழல, அந்த ஆப்பும் மெல்ல எழுந்து வெளியே வந்துவிட்டது. பின்னர் அவ்விடத்தில் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினார். தாங்கியின்மீது சராசரியாகச் சதுர அங்குலத்துக்கு 100 ராத்தல் பாரமே இருக்க, முள்ளோ 200 ராத்தலையும் தாண்டிவிட்டது. 1883ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட அறிக்கையைப் படித்த மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ், 1886இல் அதற்குக் காரணம் கண்டு கணித ரூபமாக நிறுவினார். சுழலும் அச்சு தன்மேல் ஒட்டிய எண்ணெயைக் குறுகும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே நெருக்குண்ட எண்ணெய், உலோகத்தை உலோகம் தொடாதபடி அச்சைத் தூக்கி நிறுத்துகிறது.

இதனை நான் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிராங்கைத் தாங்குவது பம்பு தரும் அழுத்தமன்று. சுழற்சியினாலேயே தோன்றும் அந்த மெல்லிய படலமே தாங்குகிறது. படலம் வற்றாதபடி எண்ணெயை இடையறாது கொண்டு சேர்ப்பதும், உராய்வில் பிறந்த உஷ்ணத்தை அதன் வழியே அகற்றுவதுமே பம்பின் கடமை. ஆதலால் மானியின் முள்ளை எஞ்சினின் பலத்தைக் காட்டும் அளவுகோலாகக் கொள்வது அடிப்படையிலேயே பிழையாகும். பம்பு எவ்வளவு தள்ளுகிறது, வழி எவ்வளவு மறிக்கிறது என்னும் இரண்டின் விளைவையே அம்முள் காட்டுகிறது. தோட்டத்து ரப்பர்க் குழாயின் வாயைக் கட்டைவிரலால் இறுக்கினால் உள்ளே அழுத்தம் மிகுகிறது. பாத்திக்குப் போய்ச்சேரும் நீரோ குறைகிறது.

பம்பினால் எண்ணெயைத் தள்ளிப் பேரிங்குகளுக்கு ஊட்டும் முறை, முதலில் நீராவி எஞ்சின்களில் தோன்றியது. பர்மிங்ஹாமில் பெல்லிஸ் அண்ட் மார்காம் நிறுவனத்தைச் சேர்ந்த பெய்ன் என்னும் பொறியாளர் 1890இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்நகரிலேயே கார் கட்டிய பிரடெரிக் லான்செஸ்டர், இம்முறையை மோட்டார் எஞ்சினுக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவர். அழுத்தத்தை அறியும் கருவி அதற்கும் முன்னரே ஆயத்தமாக இருந்தது. வளைத்துத் தட்டையாக்கிய உலோகக் குழல், உள்ளே அழுத்தம் ஏற ஏற நிமிர முயல்வதைக் கண்டு, பாரிஸ் நகரத்து யூஜீன் போர்டான் 1849இல் இயற்றிய மானியே இன்றும் பட்டறைகளில் வழங்குகிறது.

எனினும் சாமானியர் ஏறிய வண்டிகளில் பம்பும் முள்ளும் இடம்பெற வெகுகாலம் ஆயிற்று. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு டி மாடலில் எண்ணெய்ப் பம்பும் இல்லை, மானியும் இல்லை. சுழலும் ஃப்ளைவீல் வாரியெறிந்த எண்ணெயே எஞ்சின் முழுவதற்கும் போதுமானதாயிருந்தது. எண்ணெய் இருக்கிறதா என்று அறிய, ஓட்டுநர் வண்டிக்கடியில் குனிந்து இரண்டு சிறு குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும். அக்காலத்துப் பேரிங்குகள், ஐசக் பாபிட் 1839இல் காப்புரிமை பெற்றதன் வழிவந்த ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றிச் செய்தவை. வெள்ளீயத்தோடு அந்திமனியும் செம்பும் சேர்ந்த அம்மெத்தென்ற உலோகத்தைக் கிராங்குக்கு இசையக் கையாலேயே சுரண்டிப் பதப்படுத்துவது அரியதொரு வித்தை. நாளடைவில் அது தேயும், எஞ்சின் தட்டும்.

அழுத்த எண்ணெய் முறை பரவியபின், தட்டும் ஓசை கேட்பதற்கு முன்னரே முள் இறங்கி எச்சரிக்கலாயிற்று. தேய்ந்த பேரிங்கின் இடைவெளி வழியே எண்ணெய் கசிந்தோட, அழுத்தம் விழுகிறது. இடைவெளி இரட்டித்தால் கசிவு இரட்டிப்பதோடு நில்லாமல் எட்டு மடங்காகப் பெருகும் என்பதால், சிறு தேய்மானத்துக்கும் முள் பெரிதாக இறங்கிற்று. இறங்கும் முள் நோய் என்னும் பாடம் இவ்வாறு தலைமுறை தலைமுறையாக மனத்தில் ஊன்றியது. அதன் நிழலிலேயே, ஏறும் முள் ஆரோக்கியம் என்னும் தவறான பாடமும் வளர்ந்தது.

அந்தப் பிழை, கேடான வழக்கம் ஒன்றையும் கூடவே வளர்த்தது. நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டு அரசோச்சிய அம்பாஸடர் வண்டியின் 1489 சி.சி. எஞ்சினை உதாரணமாகக் கொள்ளலாம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்த அவ்வெஞ்சினின் இடப்புறப் பின்கோடியில், குவிந்த தலையுடைய அறுகோண மரை ஒன்று உண்டு. அதனைக் கழற்றினால் நீண்ட ஸ்பிரிங் ஒன்றும், அதன் முனையில் சிறு கிண்ணம் போன்ற உலோக வால்வும் கைக்கு வரும். அழுத்தம் எல்லை மீறும்போது ஸ்பிரிங்கை அழுத்திப் பின்வாங்கி, மிகுதி எண்ணெயை அடித்தொட்டிக்கே திருப்பிவிடுவது அந்த ரிலீஃப் வால்வின் தொழில். இத்தகைய வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒன்றிரண்டு வாஷர்களைச் செருகி அதனை இறுக்கிவிடுவது பழைய பட்டறைத் தந்திரம். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே கிடக்க, முள் மட்டும் நிமிர்ந்து வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தும். பின்னொரு காலத்தில் அவ்வெஞ்சின் முறையாகப் புதுப்பிக்கப்படும்போது, மறந்துபோன அந்த வாஷர் உள்ளேயே இருந்துவிட்டால், இறுக்கமான புதிய பேரிங்குகளோடு அதுவும் சேர்ந்து முள்ளை வரம்பின்றி உயர்த்துகிறது.

புதுப்பித்த எஞ்சினில் முள் சற்று உயர்ந்து நிற்பது இயல்பே. அச்சின் விட்டம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கு இடைவெளி என்பது நெடுநாள் கைக்கணக்கு; அதற்குக் குறைந்தால், மேற்சொன்ன எட்டு மடங்குக் கணக்கு தலைகீழாக வேலை செய்கிறது. எண்ணெயின் தடிப்பும் அவ்வாறே. அமெரிக்க ஆட்டோமொபைல் பொறியாளர் சங்கம் 1911இல் எண்ணெய்களைத் தடிப்பு நோக்கி எண்ணிட்டு வகுத்தது, ஒவ்வோர் எஞ்சினுக்கும் இசைந்ததைத் தெரிந்தெடுப்பதற்காகவே. முப்பது போதிய இடத்தில் ஐம்பதை ஊற்றிவிட்டு, குளிர்ந்த எஞ்சினின் முள்ளைக் கண்டு அஞ்சுவதிலும் பயனில்லை, பெருமைப்படுவதிலும் பயனில்லை.

ஆதலின் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் மானியையே சந்தேகிக்கிறான். நம்பத்தக்க வேறொன்றைப் பூட்டி ஒப்புநோக்குகிறான். எஞ்சின் முற்றும் சூடேறும்வரை பொறுத்து, மந்தகதியிலும் வேகத்திலும் முள்ளின் நடையைக் கவனிக்கிறான். வேகத்தோடு ஏறி, ஓரிடத்தில் நின்றுவிட்டால் ரிலீஃப் வால்வு திறக்கிறது என்று பொருள். நிற்குமிடம் மட்டும் உயர்வாயின் ஸ்பிரிங்கோ வாஷரோ காரணம். நில்லாமல் ஏறிக்கொண்டே போனால், வால்வு தன் துளையில் சிக்கியிருக்கலாம், அல்லது அதன் திருப்புவழி அடைபட்டிருக்கலாம்.

இவையனைத்தும் சரியாக இருந்தும் முள் இறங்கவில்லையென்றால்தான் உண்மையான அபாயம். அடைப்பு மானிக்கு முன்னால் இருப்பின் முள் தாழும். மானிக்கு அப்பால் இருப்பின் உயரும். காம் ஷாஃப்டின் பேரிங்கை ஏற்றுகையில் துளைக்குத் துளை பொருந்தாமற்போனாலும், கிராங்கின் பேரிங்கில் துளையுள்ள ஷெல் இருக்க வேண்டிய மேற்பாதியில் துளையற்றதை இட்டாலும், எண்ணெய்க் கால்வாயின் முனையை அடைக்கும் மூடியை ஆழமாக அறைந்துவிட்டாலும், கடைசல் தூள் கழுவப்படாமல் தங்கினாலும், விளைவு ஒன்றே: எங்கோ ஒரு பேரிங் எண்ணெயின்றி வறண்டு எரிய, முள் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கிறது. மிகையழுத்தத்தினால் ஃபில்டரின் கூடு பிதுங்குவதும், பம்பைச் சுழற்றும் பற்சக்கரம் தேய்வதும் இதன் முன் சிறு தீங்குகளே. ஆகையால் முதல் ஓட்டத்திலேயே எஞ்சினின் தலைமேலுள்ள வால்வு மூடியைத் திறந்து, ஒவ்வொரு ராக்கரிலும் எண்ணெய் ஊறுகிறதா என்று கண்ணால் பார்ப்பவனை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வண்டி உற்பத்தியாளர்கள் செலவைக் குறைக்க எண்ணி, மானியை விலக்கி அவ்விடத்தில் சிவப்பு விளக்கொன்றை வைக்கலாயினர். அழுத்தம் சில ராத்தல் அளவுக்கு வீழ்ந்தால் மட்டுமே அது எரியும்; எல்லைக்கு மேல் எவ்வளவு ஏறினாலும் அணைந்தே கிடக்கும். அதனால், அத்தகைய வண்டியின் எஞ்சினைப் புதுப்பிக்கும் பட்டறைகளில், விளக்கின் சுவிட்சைக் கழற்றி அந்த மரைத்துளையிலேயே சோதனை மானியைத் திருகி, சூடேறிய எஞ்சினின் அழுத்தத்தைக் கைந்நூலோடு ஒத்துப்பார்த்த பின்னரே சுவிட்சை மீண்டும் பூட்டி, வண்டியை உடையவரிடம் ஒப்படைக்கிறார்கள்.