குழிமுயல் வீட்டுக்கு வந்த வரலாறு

நம் புன்செய்க் காடுகளில் கடலைக் கொடிகளுக்கிடையே பதுங்கிக் கிடந்து, ஆள் அரவம் கேட்டதும் கண்ணிமைப்பதற்குள் பாய்ந்து மறையும் முயலும், குழந்தைகள் கூண்டில் வைத்துக் கீரை ஊட்டி மகிழும் வெள்ளை முயலும் ஒரே ஜாதி என்றே பலர் கருதுகிறார்கள். ஆயினும் அவை தூரத்துப் பங்காளிகளேயன்றி உடன்பிறந்தவை அல்ல. காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டிகள் உடல் நிறைய மயிருடனும் விழித்த கண்களுடனும் வெட்டவெளியிலேயே பிறக்கின்றன. மற்றதோ மண்ணைக் குடைந்து, வளைக்குள் கூட்டமாக வாழும் சுபாவமுடையது. ஏறத்தாழ ஒரு மாதம் கருவைச் சுமந்து, தன் வயிற்று மயிரையே பிடுங்கிப் பரப்பிய படுக்கையில், கண் திறவாத, மயிர் முளைக்காத குட்டிகளை ஈனுவது. உலகெங்கும் குழந்தைகளின் தோழனாகப் பரவியது இந்தக் குழிமுயலே. அதன் சரித்திரத்தை அறிந்தால்தான் அதை வளர்க்கும் முறையும் நன்கு விளங்கும்.

குழிமுயலின் பூர்விகம், ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பமும் அதையொட்டிய தென்மேற்குப் பிரான்சும் ஆகும். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோம சாம்ராஜ்யத்தை ஆண்ட ஹேட்ரியன் வெளியிட்ட நாணயங்களில், ஸ்பெயின் தேசத்தை ஒரு பெண்ணுருவாகச் சித்திரித்து, அவளருகே ஒரு முயலையும் பொறித்திருக்கிறார்கள் என்றால், அந்நாட்டுக்கும் அப்பிராணிக்கும் இருந்த சம்பந்தம் எத்துணை பிரசித்தமானது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அதற்கும் முன்னரே, கி.மு. முதல் நூற்றாண்டில் விவசாய நூல் இயற்றிய ரோமர் வாரோ, செல்வர்கள் மதில் சூழ்ந்த தோட்டங்களில் முயல்களை அடைத்து வளர்த்ததை விவரித்து, ஸ்பெயின் முயலையும் அவற்றோடு சேர்த்துச் சொல்கிறார். அவ்வளர்ப்பு அடுக்களையை முன்னிட்டு ஏற்பட்டதேயன்றி அன்பினால் ஏற்பட்டதன்று. இளங்குட்டிகளை அரிய பண்டமாக உண்டார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். ஸ்பெயினை அடுத்த பலியாரிக் தீவுகளில் முயல்கள் மிதமிஞ்சிப் பெருகிப் பயிரை அழித்தபோது, தீவினர் அகஸ்டஸ் சக்கரவர்த்தியிடம் படையுதவி வேண்டி விண்ணப்பித்த செய்தியைத் தருபவரும் அவரே.

முயல் எப்போது வீட்டுப் பிராணியாயிற்று என்ற கேள்விக்கு நெடுங்காலமாக ஒரு கதை விடையாக வழங்கிவந்தது. கி.பி. 600-ஐ ஒட்டி, போப் கிரெகோரி என்பவர் முயற்குட்டியை மாமிசமாகக் கருத வேண்டியதில்லையென்றும், தவக்காலத்திலும் அதை உண்ணலாமென்றும் அனுமதியளித்ததாகவும், அதனால் பிரெஞ்சு மடங்களின் துறவிகள் முயல்களைப் பழக்கத் தொடங்கியதாகவும் அக்கதை கூறும். 2018-இல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் மூல ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அத்தகைய ஆணை எதுவும் காணப்படவில்லை. பிரான்சின் தூர் நகரத்து ஆயரான வேறொரு கிரெகோரி, நோயுற்ற ஒருவன் தவக்காலத்தில் முயற்குட்டிகளைத் தின்றான் என எழுதிவைத்ததே, பெயர் மயக்கத்தால் போப்பின் ஆணையாகத் திரிந்துவிட்டது. உண்மையில் முயலை ஒருவர் ஒரு நாளில் பழக்கிவிடவில்லை; வேட்டை, மதிலடைப்பு, கூண்டு என்று பல நூற்றாண்டுகளாகப் படிப்படியாக நடந்த காரியம் அது.

12-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்த நார்மானியப் பிரபுக்கள் இங்கிலாந்தில் முயல் வளர்ப்பைப் பரப்பினார்கள். முயல்கள் எளிதில் குடைவதற்காக மண்மேடுகளை எழுப்பி, காவலரை நியமித்து, இறைச்சிக்கும் தோலுக்குமாக அவற்றைப் பேணினார்கள். அடைத்து வளர்த்தவற்றுள் அபூர்வ நிறத்தனவற்றைப் பிரித்துப் பெருக்கியதன் பயனாக, நிற வேற்றுமைகள் நிலைபெற்றன. அதற்கு அடையாளமாக, 1530-ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் டிஷியன் தீட்டிய மாதாவின் சித்திரத்தில், அவள் கை ஒரு தூய வெள்ளை முயலின்மேல் படிந்திருக்கிறது.

நேசத்துக்காக வளர்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில்தான் வேரூன்றியது. நகரத்துக் குடும்பங்கள் மரக்கூண்டுகளில் முயல்களை வைத்துக்கொண்டன. நீண்டு தொங்கும் காதுகளுக்காகவே வளர்த்துப் போட்டிகளில் காட்டுவோரும் தோன்றினர். பியட்ரிக்ஸ் பாட்டர் என்ற சீமாட்டி, பெஞ்சமின், பீட்டர் என்ற இரு முயல்களை வீட்டிலேயே வளர்த்து, அவற்றின் அங்க அசைவுகளை நுணுக்கமாக வரைந்து பழகினார். 1893-இல் நோயுற்ற ஒரு சிறுவனைத் தேற்றுவதற்காகப் படங்களுடன் அவர் எழுதிய கடிதமே, 1902-இல் பீட்டர் முயலின் கதையாக அச்சேறிக் குழந்தைகள் மனத்தைக் கொள்ளை கொண்டது. மறுபுறம், அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில், 1859-இல், தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டை விநோதத்துக்காக ஆஸ்திரேலியாவில் இறக்குமதி செய்துவிட்ட சில முயல்கள் அக்கண்டத்தையே பாழ்படுத்தும் கூட்டமாகப் பெருகின என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

இவ்வளவு காலம் மனிதரோடு வாழ்ந்தும், குழிமுயல் தன் பழைய வளையை மறக்கவில்லை. அச்சத்தை ஆளும் மூளைப்பகுதி, வளர்ப்பு முயல்களுக்குக் காட்டில் திரியும் குழிமுயல்களைவிடச் சிறுத்திருப்பதாக அறிஞர் கண்டிருக்கிறார்கள். எனினும் அச்சம் அறவே அகன்றுவிடவில்லை. ஆபத்தென்று தோன்றினால் பின்காலால் தரையை ஓங்கி அறைவது, வளைக்குள்ளிருக்கும் சுற்றத்தாருக்கு விடுத்த எச்சரிக்கையின் மிச்சம். பகைவரை எத்திசையிலும் காணும்படி கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், மூக்குக்கு நேர் எதிரே நீட்டும் விரல் அதற்குத் தெரிவதில்லை. கரடுமுரடான புல்லை மென்று வாழ்ந்த பிராணியாதலால், ஆயுள் முழுதும் வளரும் பற்களைத் தேய்த்துக்கொள்ள உலர்ந்த புல்லே அதற்குப் பிரதான உணவு. இனிப்பு மிகுந்த காரட்டோ எப்போதேனும் ஒரு துண்டு போதும். குளிர்ந்த வளைக்குப் பழகிய உடலுக்கு நம் சமவெளி வெயில் ஆகாது. கொடைக்கானல் மலையில், மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் முயல்களை வளர்த்துவருவதற்கு அம்மலையின் குளிர் அனுகூலமாயிருக்கிறது. கூட்டமாக வாழ்ந்த ஜீவனைத் தனியே அடைத்துவைப்பதும் தகாது.

காதைப் பிடித்துத் தூக்குவது, பிடித்ததைக் கொல்லப்போகும் வேட்டைக்காரனின் வழக்கம். தூக்கியே ஆகவேண்டுமானால், ஒரு கையை மார்பின் கீழும் மற்றொரு கையைப் பின்கால்களின் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் மிரண்டு உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். இதைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பது பெரியோர் கடமை. ஏனெனில் நன்கு பேணினால் பத்தாண்டு வரையிலும் உயிர்வாழும் அப்பிராணியின் பொறுப்பு, அத்தனை ஆண்டும் அக்குழந்தைகளின் கைகளிலேயே இருக்கப்போகிறது.