பெயரே குற்றமானபோது

தொடக்ககாலக் கிறித்தவர்கள் உரோம ஆட்சியாளர்முன் நிறுத்தப்பட்ட வரலாற்றைச் சமயப் பகையின் கதையாகவே பலரும் கொள்வர். எனினும், அவ்வழக்குகளின் அடியில் ஓடிய அரசியலைக் காணத் தவறின், வரலாற்றில் ஒரு பாதியையே கண்டவராவோம். அதனைக் காட்ட இரண்டு மடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன.

கி.பி. 110ஆம் ஆண்டையொட்டி, இன்றைய துருக்கியின் வடபகுதியிலிருந்த பித்தினியா-பொந்து மாநிலத்திற்கு ஆளுநராகச் சென்றவர் இளைய பிளினி. நகரங்களின் வரவு செலவைச் சீராக்குவது அவர் பணிகளுள் ஒன்று. ஐயம் எழும்போதெல்லாம் பேரரசர் திராயானுக்கு எழுதிக் கேட்பது அவர் வழக்கம். நிக்கொமேதியா நகரில் பெருந்தீ மூண்டபின், 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்க அவர் இசைவு வேண்டினார். பேரரசர் மறுத்தார். எப்பெயரால் கூடினும் மக்கள் கூட்டம் அரசியல் கூட்டமாகிவிடும் என்பது அவர் அச்சம். தீயினும் சங்கமே கொடிதெனக் கருதிய ஆட்சி அது! பேரரசரின் கட்டளைப்படி ஆளுநரும் சங்கங்களைத் தடைசெய்தார்.

அம்மாநிலத்தில்தான் கிறித்தவர்மீது குற்றச்சாட்டுகள் குவிந்தன. பெயரிடாத மொட்டைக் கடிதமொன்றும் பலரைக் காட்டிக் கொடுத்தது. பிளினி ஒவ்வொருவரையும் மும்முறை வினவினார். உறுதி குலையாதோரைக் கொல்லப் பணித்தார். உரோமக் குடியுரிமை உடையோரைத் தலைநகருக்கு அனுப்பக் குறித்தார். மறுத்தோர் பேரரசரின் உருவச்சிலைக்கு நறும்புகையும் மதுவும் படைத்து, கிறித்துவைப் பழித்துரைக்க வேண்டியிருந்தது. படையலே அரசப்பற்றுக்குச் சான்றாயிற்று.

அவர்கள் செய்த குற்றந்தான் யாது? விடியுமுன் கூடிப் பாடினர், களவும் பிறன்மனை நயத்தலும் செய்யோம் என உறுதி பூண்டனர், சேர்ந்துண்டனர். சங்கத் தடை வந்தபின் அவ்விருந்தையும் கைவிட்டதாகக் கூறினர். பெயரே குற்றமா, பெயரோடு ஒட்டிய தீச்செயல்கள் குற்றமா, இளையோர்க்குச் சலுகை உண்டா என்று பிளினி எழுதிக் கேட்டார்.

மறுமொழி சுருக்கமாக வந்தது. அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டா; குற்றஞ்சாட்டப்பட்டு மெய்ப்பிக்கப்படின் தண்டிக்க; மறுத்து வழிபடுவோரை மன்னிக்க; பெயரிலாக் கடிதத்தை ஏற்கற்க. இளையோர் பற்றிய வினாவிற்கு விடையில்லை. கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம்மனோர்க்கு இத்தகைய மறுமொழி புதிதன்று. குற்றவாளியாயின் ஏன் தேடலாகாது, குற்றமற்றவனாயின் ஏன் தண்டித்தல் வேண்டும் எனத் தெர்த்துல்லியன் 197இல் இதன் முரணைச் சாடினார்.

கி.பி. 250இல் தீசியஸ் மன்னன் ஆட்சியில் அம்மென்மையும் மறைந்தது. குடிகள் யாவரும் படையலிட்டுச் சான்றிதழ் பெற வேண்டுமென ஆணை பிறந்தது. அச்சான்றிதழ்கள் சில எகிப்திய மணலில் இன்றும் கிடைத்துள்ளன. 311இல் கலேரியுஸ் மன்னன் வழிபாட்டுரிமை வழங்கும்வரை இத்துன்பம் விட்டுவிட்டுத் தொடர்ந்தது.

திராயானை நாம் கொடுங்கோலன் என்று கூறோம். மொட்டைக் கடிதத்தை ஏற்கலாகாதென்ற அவர் நெறி எந்நாட்டு ஆட்சிக்கும் அணியாகும். ஆயினும் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. உண்மையறிய வேண்டி, திருச்சபைப் பணிபுரிந்த அடிமைப் பெண்டிர் இருவரை வதைத்ததாகப் பிளினியே எழுதுகிறார். அவர்தம் பெயரைக் குறித்தாரல்லர். மறுமொழியோ அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் உரைக்கவில்லை. பெயர் ஒன்றையே குற்றமாக்கிய அவ்வழக்கில், அவ்விருவர் பெயரும் ஏடேறாமலே போயின.